எங்கை போறியள் என்று கேட்காத வீடு

எங்கள் அம்மா லூர்த்தம்மா யாரையும் இலேசில் நம்பமாட்டார். நிவாரணக் கடையில் மா நிறுக்கும்போது மற்றவர்கள் தராசைப் பார்ப்பார்கள், அம்மா நிறுக்கிறவரின் சுண்டுவிரலைப் பார்ப்பார். பாண்காரன் இன்றைக்குப் போட்ட பாண் என்று சொன்னால் பாணை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அவன் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பூசையில் சாமியார் பிரசங்கத்தை வேளைக்கு முடித்துவிட்டால் "சாமிக்கு எங்கையோ விருந்து போலை கிடக்கு" என்று எங்கள் காதுக்குள் சொல்வார். பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிற விடையைக்கூடத் தானாக ஒருமுறை செய்து பார்க்காமல் சரியென்று எடுக்கமாட்டார். ஒரு தடவை புத்தகம்தான் பிழை என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு அவருக்குப் பெருநாள்.

இப்படிப்பட்ட மனுசிக்கு வாய்த்த கொடுமையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. வெளிக்கிடுகிற அப்பாவைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மற்ற ஆட்களும் அப்படி நேரே கேட்பதில்லைதான். "தூரமோ?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். குருநகர்க் கடற்கரையில் எங்களுக்கு அதுவும் ஆகாது. கேட்டுவிட்டால் அன்றைய கடல்தொழில் கெட்டது. வெளிக்கிட்டவர் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, அன்று முழுக்கக் கடலை மறந்துவிட வேண்டும். அப்பா கிறகோரி "வாறன்" என்பார், அம்மா "ஓம்" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

கேட்கத்தான் முடியாது, பார்க்கலாமே. அப்பா எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்று பார்த்தே அம்மா இடத்தைச் சொல்லிவிடுவார். தண்ணீர்க் கானோடு போனால் ஆழக்கடல். மீன் போடுகிற பறியை மட்டும் தூக்கினால் கரையோரம். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் பட்டணத்தில் படம்.

எங்களுக்குப் பள்ளிக்கூடமும் அம்மாதான். கன்னியர் மடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எண்பத்தேழில் சண்டை வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வீட்டிலேயே பாடத்தைத் தொடங்கினார். பிறகு பள்ளிக்கூடம் கொஞ்ச நாள் திறக்கும், கன நாள் பூட்டும். "உவையை நம்பி என்ரை பிள்ளையளை விடேலாது" என்று அம்மா பாடத்தை நிறுத்தவே இல்லை. யாகப்பர் கோயில் காலை மணி அடித்தால் சிலுவை அடையாளம் போட வேண்டும். பிறகு வாய்பாடு, சொல்வதெழுதல், கடைசியில் ஞானோபதேசம். நேரசூசி கரியால் சுவரில் எழுதியிருக்கும். அக்கா மக்டலீன், அண்ணன் யாகோப்பு, மூன்றாவதாக நான், பிலோமினா. சின்னவள் ரீற்றா அம்மாவின் மடியில் கிடந்து வாய்பாடு கேட்டு வளர்ந்தவள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் மறுபடி சண்டை மூண்டது. கோட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது, ஒரு கூரையும் மிஞ்சவில்லை. உரும்பிராயில் தம்பிஐயா என்ற கமக்காரரின் வளவுக்கு வந்து சேர்ந்தோம். புகையிலை உலர்த்துகிற கொட்டில் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. புகையிலை தெற்குக்குப் போக வழி இல்லாததால் அவர் அந்தப் பயிரையே விட்டுவிட்டிருந்தார். அந்தக் கொட்டில்தான் எங்களுக்கு வீடு.

அந்த ஆவணியில் அம்மாவின் தம்பி சந்தியோகு மாமா தொழிலுக்குப் போனார். ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுட்டது. வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அம்மா அழுது முடித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவை அந்தோனியார் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று அப்பா கையடித்துச் சத்தியம் செய்தார். அம்மா நம்பினாரா என்று கேட்கிறீர்களா? எங்கள் அம்மாவா!

மாதக்கணக்காகப் பாடம் இல்லாமல் போனது. நாங்கள் செம்மண் புழுதியில் உருண்டு காட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். தையில், மூவிராசாக்கள் திருநாள் கழிந்த திங்கட்கிழமை அம்மா எங்களை இருத்தி ஒரு சோதனை வைத்தார். யாகோப்பு ஏழாம் வாய்பாட்டில் பாதியில் நின்று கூரையைப் பார்த்தான். தேவ கட்டளை பத்தில் அக்காவுக்கு ஒன்று குறைந்தது. என்னை "ஞ" எழுதச் சொன்னார், நான் ஒரு சுழியைப் போட்டுவிட்டு வால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அம்மா எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், களவு போன வீட்டைப் பார்ப்பதுபோல.

"நாளைக்குத் தொடங்கிறம்" என்றார்.

சொல்வது சுகம். கொட்டிலில் புகையிலைக் காரம் இன்னும் போகவில்லை. சிலேற்றை எடுத்தால் தும்மல், சிலுவை போட்டால் தும்மல். "தும்மினாப்போலை பாடம் நிக்குமெண்டு நினையாதேங்கோ" என்று அம்மா சொல்லி முடிக்க அவருக்கே தும்மல் வந்தது. யாகோப்புக்குப் பாடம் தொடங்கியதும் வயிற்றைக் கலக்கும். வெளியே போகிறவன் கொய்யாப்பழ வாசனையோடு திரும்பி வருவான். ரீற்றா வெண்கட்டியைத் தின்றாள். அம்மா கத்தினார், அடித்தார், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. உரும்பிராயில் எங்களுக்குக் கேட்கிற மாதிரி மாதா கோயில் மணி இல்லை. பிள்ளையார் கோயில் மணியை வைத்துப் பாடம் தொடங்கிப் பார்த்தார். அது ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். "ஐயருக்கு இண்டைக்கு நித்திரை முறியேல்லை" என்று அதிலும் சந்தேகம். கடைசியில் தம்பிஐயாவின் கிணற்றுத் துலா கிறீச்சிடுகிற சத்தத்தை எடுத்துக்கொண்டார். எண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கிற மெசின் படுத்துவிட்டது, அவர் விடியப்புறமே துலாவில்தான் இறைப்பார். "மனிசனை நம்பேலாது. ஆனா வெங்காயத்துக்குத் தண்ணி விடாமல் மனிசன் இரார்" என்றார் அம்மா.

கத்தி ஆகாது என்று அம்மாவுக்கு மெல்ல விளங்கியது. கொட்டில் கதவுப் பலகையில் எழுதிவைத்த நேரசூசியைக் கரித்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். முதல் கிழமை துலாச் சத்தத்துக்கு வந்து பாயில் இருந்தால் போதும், சிலுவை போட்டு ஒரு வாய்பாடு, அதோடு எழும்பலாம். அடுத்த கிழமை அதோடு ஐந்து சொல். பிறகு ஒரு பக்கம் வாசிப்பு. இவ்வளவு சுருக்கமாக விடுகிறாரே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இப்போது நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம். சூது இருந்தது. மாசி பிறக்கிற நேரம் துலா கிறீச்சிட முதலே நாங்கள் பாயில் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் அரிசிப் பானை காலியானது. தம்பிஐயாவின் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்க அம்மா போக வேண்டி வந்தது. அப்பா கொட்டில் வாசலில் இருந்து, கடலுக்குப் போகாத வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா சிலேற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"பாடத்தை நீங்கள் எடுங்கோ."

"நானோ? நான் மூண்டாம் வகுப்போடை வள்ளத்திலை ஏறினவன். என்னத்தைப் படிப்பிக்கிறது?"

"மூண்டாம் வகுப்பு மட்டும் படிப்பியுங்கோ. மிச்சத்தை மக்டலீன் பாப்பாள்."

இதில் அம்மாவின் கணக்கை அக்கா அன்றைக்கே பிடித்துவிட்டாள், எனக்குப் பிறகுதான் விளங்கியது. பாடம் எங்களுக்கு, கட்டு அப்பாவுக்கு. காலை முழுக்க நாலு பிள்ளைகள் சுற்றி இருந்தால் மனுசன் எப்படிக் கடலுக்குப் போவார்?

அப்பாவின் பாடம் நல்ல பகிடி. சொல்வதெழுதலுக்கு மீன் பெயர்களையே சொல்வார். ஞானோபதேசத்தில் நோவாவின் பேழை எத்தனை முழம் என்று தொடங்கி, அதற்கு எந்த மரம் போட்டிருப்பார்கள், ஒட்டு எப்படி விட்டிருக்கும் என்று போய், மோட்சத்தை அடைய நேரம் இருக்காது. எனக்குப் புளியங்கொட்டை வைத்து எண்ணச் சொல்லித் தந்தார். பின்னேரம் அம்மா தோட்டத்தால் வந்து கால் கழுவிவிட்டுப் பாடம் கேட்டார். நான் கொட்டைகளைப் பரப்பி எண்ணினேன்.

"லாபம், ரெண்டு, மூண்டு, நாலு..."

"என்னது, லாபமோ?"

"அப்பா அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்."

கரையில் மீன் எண்ணும்போது அப்பா ஒன்று என்று தொடங்கமாட்டார். முதல் மீன் லாபம். அதற்கடுத்தது இரண்டு. நெல் அளக்கிறவர்களிடமும் இந்த வழக்கம் உண்டு என்பார்கள். அம்மா சிரித்தார். மாமா போனபிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன், எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

"ஒண்டெண்டு சொல்லிக் குடுங்கோ. பள்ளிக்கூடத்திலை போய் உதைச் சொன்னா சிரிப்பினம்."

"ஒண்டெண்டு சொல்ல வாய் கூசுது" என்றார் அப்பா.

அம்மா அதை அப்படியே விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் முதலில் என்னைத்தான் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். நான் லாபம் என்றதும் அவர் தோள் தளரும். பிறகுதான் தேநீர் குடிப்பார். அப்பா அன்றைக்கு வீட்டில் இருந்ததற்கு என் வாய்தான் சாட்சி என்று எனக்கு அப்போது தெரியாது.

பங்குனியில் ஒருநாள் நான் கொட்டைகளைப் பரப்பினேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சுளகு நின்றது.

"திரும்பச் சொல்லு."

"ஒண்டு, ரெண்டு..."

மூலையில் இருந்த அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அம்மா அதையும் கண்டார். யாகோப்பைக் கூப்பிட்டார். ஏழாம் வாய்பாடு தடங்கல் இல்லாமல் ஓடியது. எட்டும் ஓடியது. ரீற்றா "ஞ" என்று சரியாகக் காட்டினாள். எந்தத் தாயும் பூரித்துப்போகிற நேரம் அது. எங்கள் அம்மாவின் முகம் கறுத்தது.

"அப்பா நல்லாப் படிப்பிக்கிறார்" என்றார் மெதுவாக.

"ஓம் அம்மா" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். அந்த ஒரே குரல்தான் எங்களைக் காட்டிக் கொடுத்தது.

மறுநாள் தோட்டத்தில் அம்மாவோடு களை பிடுங்குகிற இராசாத்தி வேறு எண்ணெய் ஊற்றினாள். "ஆம்பிளையை நாள் முழுக்க வீட்டிலை விட்டிட்டு வாறாய் லூர்த்தம்மா. கிணத்தடிக்கு எத்தினை குமர்ப்பெட்டையள் தண்ணி அள்ள வருகுதுகளோ, ஆர் கண்டது?" அம்மா அன்றைக்கு வேளைக்கு வந்து கிணற்றடியை நோட்டம் விட்டார். முழங்கால் வருத்தத்தோடு நொண்டிக்கொண்டு தம்பிஐயாவின் மனுசி மட்டும்தான் வந்தார். அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

பிறகு பூனை. தம்பிஐயா வீடு சுத்த சைவம், அவர்களின் பூனையும் தயிர்ச்சோற்றில் வளர்ந்தது. அதுவரை எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத அந்தப் பூனை இப்போது அப்பா போகிற இடமெல்லாம் போனது. அவர் இருந்தால் காலடியில் இருந்தது. அவர் கையை நக்கியது. அப்பா மத்தியானத்தில் ஒன்றுக்கு இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் இருப்பார், எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பூனைக்குத் தெரிந்தது. அம்மா பூனையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், எழும்பிப்போய்ச் சைக்கிளைப் பார்த்தார். உரும்பிராயில் எந்தச் சில்லும் சிவப்பாகத்தான் இருக்கும். அப்பாவின் சைக்கிள் மட்காட்டுக்கு உள்ளே சாம்பல் நிறச் சேறு காய்ந்து கிடந்தது. அம்மா அதை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். தொழிலுக்குப் போகிற ஆளிடம் எப்படிக் கேட்பது? கேட்கக் கூடாத அந்தக் கேள்வி அவர் தொண்டையிலேயே கிடந்தது. மறுநாள் காலை வழமைபோலக் களை எடுக்கிற சுரண்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

கொட்டிலில் பாடம் நடந்தது. பாடத்துக்கு அப்பா குந்துகிற பலகையில் அக்கா இருந்தாள். யாகோப்பைக் கொய்யா மரத்தில் காவலுக்கு ஏற்றியிருந்தோம். கொய்யா மரத்தில் யாகோப்பை விட்டால் காவல் எந்த அளவில் இருக்கும் என்று அக்கா யோசித்திருக்க வேண்டும். நான் "திருக்கை" என்று எழுதிக்கொண்டிருக்க வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் அம்மா.

"அப்பா எங்கை?"

அக்கா எழும்பி நின்றாள். அவள் வாய் கோணியது. "சொல்லாதை எண்டவர் அம்மா. மாசிக் கடைசியிலை இருந்து... கரைக்குப் போறவர். எங்கடை ஊர்த் தேவராசா மாமாவோடை."

அடி விழும் என்று நான் முதுகை வளைத்துக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. செம்மண் ஒட்டிய காலோடு பாயில் வந்து இருந்தார். "விட்ட இடத்திலை இருந்து சொல்லு" என்றார் அக்காவைப் பார்த்து.

அக்காவால் முடியவில்லை. அம்மாவே சிலேற்றை வாங்கிச் சொல்வதெழுதலைத் தொடர்ந்தார். அப்போதுதான் தென்மேற்குப் பக்கமாக ஹெலிச் சத்தம் கேட்டது. தூரத்தில்தான். அம்மா நிறுத்தவில்லை, ஆனால் "தோணி" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திரும்பத் திரும்ப எழுதினேன். அப்பா செத்துப்போய்விடுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. அவரில் கோபமும் வந்தது.

மத்தியானம் பூனைதான் முதலில் வந்தது, வாலைத் தூக்கிக்கொண்டு. பின்னால் தலை ஈரத்தோடு அப்பா. அம்மாவைக் கண்டதும் சைக்கிளைப் பிடித்தபடி வாசல் படலையடியில் நின்றுவிட்டார்.

"நீ தோட்டத்துக்குப் போகேல்லையோ?"

அம்மா அவருடைய ஈரத் தலையைப் பார்த்தார்.

"ஏன் உப்பிடிப் பாக்கிறாய்? கரையோரம்தான். இடுப்பளவு தண்ணி. நண்டுக்கு வலை போடுறம், அவ்வளவுதான்."

"சந்தியோகுவும் கரையோரம் எண்டுதான் போனவன்."

அப்பாவுக்குச் சட்டென்று குரல் ஏறியது. "நீ வெய்யிலுக்கை குந்தி இருந்து களை புடுங்கிறாய். நான் இதிலை இருந்து புளியங்கொட்டை எண்ணுறன். மக்டலீன் என்னைத் திருத்துறாள், யாகோப்பு வாயைப் பொத்திச் சிரிக்கிறான். எனக்கு வெக்கமில்லையோ?"

நாங்கள் சிரித்தது அவருக்கு இப்படிக் குத்தியிருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. யாகோப்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தோனியாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணினியள்."

"சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டன். அந்தோனியாருக்கு எங்கடை வயிறு தெரியும். நாளைக்கும் போகவேணும், தேவராசா பாத்துக்கொண்டு நிப்பான்."

அம்மா எழும்பிச் சோறு போட்டார். அப்பா தான் வென்றுவிட்டதாக நினைத்தார் போல, ஒளித்து வைத்திருந்த பறியை அன்று பின்னேரம் பகிரங்கமாகவே வாசலில் கொண்டுவந்து காயவைத்தார். பூனை அதற்குள் ஏறிப் படுத்தது.

விடிந்தது. துலா கிறீச்சிட்டது. நாங்கள் பாயில் இருந்தோம். அம்மா தோட்டத்துக்கு வெளிக்கிடவில்லை, அடுப்படியில் நின்றார். அப்பா பறியைச் சைக்கிளில் கட்டினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலை வரைக்கும் போனார்.

"வாறன்" என்றார்.

ஓம் என்ற பதில் வரவில்லை. அம்மா அடுப்படியால் இறங்கி முற்றத்தின் நடுவுக்கு வந்தார். வளவு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"எங்கை போறியள்?"

துலாவில் நின்ற தம்பிஐயாகூடத் திரும்பிப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்தினாள். அப்பாவின் முகத்தில் இரத்தம் வற்றியது, பிறகு ஏறியது.

"என்ன கேட்டனி?"

"எங்கை போறியள் எண்டு கேட்டனான்."

"விசரோ உனக்கு? தொழிலுக்குப் போற ஆளைப் பாத்து..."

"எங்கை போறியள்?"

அப்பா சைக்கிளை உலுக்கினார். படலையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார். அந்தோனியாருக்குச் செய்த சத்தியத்தை மீறலாம், அதற்கு ஒரு சாமியார் இருக்கிறார், பாவமன்னிப்பு இருக்கிறது. இதற்கு யாரிடம் போவது? அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் இந்தக் கேள்விக்குத் திரும்பியவர்கள். தன் மனுசனிடம் எந்தப் பயம் பெரியது என்று அம்மா சரியாகக் கணக்குப் பார்த்திருந்தார். ஆயுசு முழுக்க அவர் கேட்காமல் அடக்கி வைத்த கேள்வி, இப்போது அவர் கையில் ஒரு கயிறாக இருந்தது.

வெளியே வைத்த காலை அப்பா உள்ளே எடுத்தார். சைக்கிளைச் சாத்தினார். குடத்தடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு வந்து எங்கள் பாய்க்கு முன்னால், தன் பலகையில் இருந்தார். அம்மா சிலேற்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

அன்றைக்குக் கடலில் ஒன்றும் நடக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னேரம் தேவராசா மாமா உயிர்நண்டுகளோடு படலையில் வந்து "என்ன கிறகோரியண்ணை, காணேல்லை?" என்று பல்லைக் காட்டினார். அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில் நண்டு தானாக வெந்திருக்கும்.

"பாத்தியோ? போனவையெல்லாம் வந்திட்டினம்."

"நாளைக்கும் கேப்பன்" என்றார் அம்மா, நண்டைக் கழுவிக்கொண்டு.

கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். தான் தோட்டத்துக்குப் போகிற நாட்களில் எங்களிடம் ஒப்படைத்தார். கதவுப் பலகையில் நேரசூசியை மறுபடி எழுதினார். சிலுவை அடையாளத்துக்கும் மேலே, முதல் வரியில் "அப்பாவிடம் கேட்டல்" என்று இருந்தது. எங்களுக்கு முறை வந்தது. துலா கிறீச்சிட்டதும் முறைக்காரர் எழும்பி நின்று, "அப்பா, எங்கை போறியள்?" என்று கேட்க வேண்டும். முதல் கிழமைகளில் அப்பா பதில் சொல்லமாட்டார், முறைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பார். போகப் போக "ஒரு இடமும் இல்லை மோனை" என்றார். பிறகு அவரே குவளையோடு வந்து பலகையில் இருந்துகொண்டு, "கேக்கிறதைக் கெதியாக் கேளுங்கோ, பாடத்துக்கு நேரமாகுது" என்பார். மத்தியானத்துக்குப் பிறகு அவரும் தோட்டத்தில் இறங்கினார். வெங்காயத்தையும் புல்லையும் பிரித்தறிய அவருக்குக் கன நாள் எடுத்தது. தம்பிஐயா தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் பிறகு ஒருநாளும் அப்பாவின் பாடத்துக்குச் சிரிக்கவில்லை. சின்னவள் ரீற்றாவும் லாபத்தில் இருந்தே எண்ணப் பழகினாள். அம்மா திருத்திக்கொண்டே இருந்தார், அப்பா மாற்றவே இல்லை.

பள்ளிக்கூடங்கள் திறந்தன, பூட்டின, திறந்தன. நாங்கள் போனோம், வந்தோம். ஆனால் விடியக் கேட்கிற அந்த முதல் பாடம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. அம்மா நம்பவே இல்லை. மனுசன் மறந்துவிட்டார், இனித் தேவையில்லை என்று அக்கா ஒருதரம் சொன்னபோது, "நீ பூனையைக் கேட்டுப் பார்" என்றார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்கி வர, வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கித் தெருவில் கால் வைக்க இடமில்லை. அப்பா சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்டினார், நாங்கள் பிடித்துக்கொண்டு நடந்தோம். தெரு முழுக்க ஒரே கேள்வி. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனைக் கேட்கிறான், வண்டிலில் இருக்கிற கிழவன் நடக்கிறவளைக் கேட்கிறான். எங்கை போறியள்? எங்கை போறியள்? அதைக் கேட்டு ஒருவரும் திரும்பவில்லை. பதிலும் ஒருவரிடமும் இல்லை.

ரீற்றாவுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அன்று அவளுடைய முறை. அவள் நடந்துகொண்டே அப்பாவின் சாரத்தை இழுத்தாள்.

"அப்பா, இண்டைக்கு நான் கேக்கேல்லை. எங்கை போறியள்?"

அப்பா நின்றார். பகிடிக்கு நிற்கவில்லை, அவருடைய கால்கள் நின்றன. பின்னால் வந்தவர்கள் மோதினார்கள், யாரோ ஏசினார்கள். அவர் சைக்கிளை மெல்ல உரும்பிராய்ப் பக்கம் திருப்பத் தொடங்கினார். அந்தப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா வந்து சைக்கிள் கைபிடியில் கை வைத்தார். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை, முகம் முழுக்க ஈரம்.

"இண்டைக்கு மட்டும் திரும்பாதேங்கோ" என்றார். "நடவுங்கோ."

அப்பா நடந்தார். சனம் இடித்தது. ஒருவரை ஒருவர் தவறவிட்ட ஆட்கள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். அம்மா அந்தக் கத்தலைக் கேட்டார், பிறகு எங்களைப் பார்த்தார். யாரையும் நம்பாத அந்தப் பார்வைதான். அவர் எங்களை எண்ணத் தொடங்கினார். கையை நீட்டி ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று எங்களைத் திருத்தித் திருத்திக் களைத்த அதே அம்மா. முதலில் அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"லாபம்" என்றார்.

பிறகு அக்கா ரெண்டு, யாகோப்பு மூண்டு, நான் நாலு, ரீற்றா அஞ்சு. கொஞ்சத் தூரம் நடந்ததும் நம்பிக்கை இல்லாமல் மறுபடி அப்பாவில் இருந்து தொடங்கினார்.